நிலாவுக்கு அரைப் பேர் போட்டவர்

பிள்ளைகளே, நிலாவுக்கு வண்டி அனுப்பிய நாடுகள் பல இருக்கின்றன. நிலாவைப் பார்த்துப் பாட்டுக் கட்டியவர்கள் அதைவிட அதிகம். ஆனால் நிலாவை வேலைக்கு எடுத்து, நாளுக்கு நாள் பேர் போட்டு, பிந்தி வந்தால் நிற்க வைத்து ஏசியும் விட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிறார். நிலாக் கங்காணி என்று கேட்டால் கைக்குழந்தையும் கை காட்டும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அடையாள அட்டைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது. யாரும் அதை எழுப்புவதில்லை.

வேறு ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் அதற்கு ஒரு 'பேர்'. பாதியில் வீட்டுக்குப் போனாலோ, நேரம் பிந்தி வந்தாலோ 'அரைப் பேர்'. விடிவதற்கு முன்பே ரப்பர் வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் பெரட்டுக்களம் என்கிற வெளியில் கூடுவார்கள். கங்காணி ஒவ்வொரு ஆளாகப் பார்த்து, எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, பேர் போடுவார். வராத ஆளுக்கும் வந்ததாகப் பேர் போட்டுவிடும் கங்காணிமார் அங்கங்கே உண்டு. எங்கள் கங்காணி அந்த வகை இல்லை. கண்ணால் பார்க்காத ஆளுக்கு அவர் பேர் போட்டதே கிடையாது. தூரத்தில் ஓடி வருகிற ஆளுக்குக்கூட, வந்து முன்னால் நின்று மூச்சு வாங்கி முடிந்த பிறகுதான் போடுவார்.

அப்படிப்பட்டவருக்கு வயது வந்து ஓய்வு கொடுத்தார்கள். முதல் வாரம் வீட்டுக் கோழிகளை வேலை வாங்கப் பார்த்தார். அடுத்த வாரம் அடுப்படிச் சட்டி பானைகளை உயரப்படி வரிசையில் நிறுத்தினார். அவருடைய மனைவியை நாங்கள் கங்காணியம்மா என்போம். அவரும் ரப்பர் வெட்டியவர்தான், இதே கங்காணியின் கீழேயே. அதனால் பொறுமை அதிகம். அந்தப் பொறுமையும் தீர்ந்த நாளில் சொன்னார்:

"கோழி முட்டை போட மாட்டேங்குது. சட்டி எடுக்கப் பயமா இருக்கு. வெளியில போயி யாரையாச்சும் வேலை வாங்குங்க, போங்க."

கங்காணி வெளியே போனார். மாலை நேரம். பெரட்டுக்களம் வெறுமையாகக் கிடந்தது. ரப்பர் மரங்களுக்கு மேலாக நிலா மெல்ல ஏறி வந்தது.

"என்னா, இப்பத்தான் வர்றியா?" என்றார் கங்காணி.

அன்று தொடங்கியது வேலை.

நிலா ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிடப் பிந்தித்தான் உதிக்கும். இது உங்கள் விஞ்ஞானப் புத்தகத்திலும் இருக்கிறது. கங்காணி அதை ஒழுக்கக் குறைவாக எடுத்துக்கொண்டார். "என் சர்வீசுல இப்பிடி ஒரு ஆளப் பாத்ததில்ல தம்பி," என்று என்னிடம் முறையிட்டார். "தினம் தினம் லேட்டு. ஒரு நாளைக்கு வர்றதே இல்ல. கேட்டா அமாவாசையாம். மத்த ஆளா இருந்தா எப்பவோ நிப்பாட்டியிருப்பேன்."

"ஏங்க, நிப்பாட்ட வேண்டியதுதானே?"

"எப்பிடி நிப்பாட்டுறது? எல்லாருக்கும் லீவு வாங்கிக் குடுக்குறதே அதுதானே."

அது உண்மை. நம் நாட்டில் நிலா முழுசாக வருகிற நாள் போயா. பள்ளிக்கூடம் இல்லை, கந்தோர் என்கிற அலுவலகமும் இல்லை. நிலா ஒழுங்காக வேலைக்கு வந்ததற்காக ஊருக்கே லீவு விடுகிற நாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆகவே போயா அன்று நிலாவுக்கு முழுப் பேர். பாதி நிலாவுக்கு அரைப் பேர். மூன்றாம் பிறைக்குக் கால் பேர். கால் பேர் என்று ஒன்று தோட்டத்தில் கிடையாது. நிலாவுக்காக அவரே இரக்கப்பட்டு உண்டாக்கினார்.

மாலைதோறும் இந்தப் பெரட்டு முடிந்ததும் சந்தியில் உள்ள நானாவின் தேநீர்க் கடைக்கு வருவார். நானா நெடுங்காலமாக அங்கே கடை நடத்தும் முஸ்லிம் பெரியவர். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். வாடகை ஓட்டம் இல்லாத நேரத்தில் என் வண்டியும் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். அங்கே நிலாவின் சரித்திரம் எங்கள் இருவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. கங்காணி அதைப் பாதி ரேடியோவில் கேட்டிருந்தார், பாதி வடை சுற்றிக் கொடுத்த பேப்பரில் வாசித்திருந்தார். மிச்சம் பாதியை அவரே செய்துகொண்டார்.

"மொத மொதல்ல கண்ணாடிக் கொழாய வச்சு நிலாவை நல்லாப் பாத்தவன் ஒரு இத்தாலிக்காரன்," என்று தொடங்குவார். "என்னாத்தப் பாத்தான்? மலை. குழி. எங்க பாத்தாலும் குழி."

"அந்தக் குழி எல்லாம் யாரு வெட்டின?" என்று நானா கேட்பார்.

"எவனோ ஒரு தொரை ஆள விட்டு வெட்ட வச்சிருக்கான், கன்னு நட. குழி வெட்டி முடிஞ்சிருச்சு, கன்னு வந்து சேரல. அப்பிடியே போட்டுட்டுப் போயிட்டானுக. நம்ம அஞ்சாம் நம்பர் மலையில செஞ்ச மாதிரி."

பிள்ளைகளே, நிலாவில் உள்ள குழிகள் வானத்திலிருந்து பாறைகள் வந்து மோதியதால் உண்டானவை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கங்காணியின் பேச்சைக் கேட்டுவிட்டுப் போன என் மகள், பரீட்சையில் 'நிலாவில் குழிகள் ஏன் காணப்படுகின்றன' என்ற கேள்விக்கு, 'ரப்பர் கன்று நடுவதற்கு' என்று எழுதினாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பேப்பரை என் முன்னால் வைத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நானும் எழுந்து நின்றேன்.

நிலாவில் கறுப்பாகத் தெரியும் இடங்களுக்கு அந்தக் காலத்து அறிஞர்கள் 'கடல்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு வாளி தண்ணீர் கிடையாது. கங்காணிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "போகாத எடத்துக்குப் பேரு வக்கிறது வெள்ளக்காரனுக்குப் பழக்கந்தானே," என்று முடித்துவிட்டார்.

முதன்முதலில் நிலாவைத் தொட்ட வண்டி ரஷ்யாக்காரருடையது. அது இறங்கவில்லை, மோதியது. "பிரேக் வைக்காம அனுப்பிட்டானுக," என்றார் கங்காணி, என் ஆட்டோவை ஒரு பார்வை பார்த்தபடி. அதற்குப் பிறகு அவர்கள் நிலாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். பூமியிலிருந்து யாரும் பார்க்க முடியாத பக்கம் அது. அது மட்டும் கங்காணிக்குப் பிடிக்கவில்லை. "ஒரு வீட்டுப் பின்வாசல்ல போயி போட்டோ எடுக்குறது மரியாதையா, நானா?"

இரண்டு ஆமைகளை வைத்து நிலாவைச் சுற்றி வர விட்டதும் அவர்கள்தான். ஆமைகள் உயிரோடு திரும்பி வந்தன, கொஞ்சம் மெலிந்து. அமெரிக்காக்காரர்கள் ஆட்களையே இறக்கினார்கள். அவர்களில் ஒருவர் அங்கே நின்று கோல்ஃப் பந்து அடித்தார். இதைக் கேட்டு நானாவும் நானும் நம்பவில்லை. உண்மையாகவே நடந்ததுதான் என்று பிறகு மகளின் புத்தகத்தில் பார்த்தேன். கங்காணி மட்டும் முதலிலேயே நம்பினார். "தொரைமாரு எங்க போனாலும் பந்து அடிக்காம வர மாட்டாங்க."

அவர்கள் நிலாவிலிருந்து கல்லும் மண்ணும் அள்ளி வந்தார்கள். கங்காணியின் கேள்வி ஒன்றே ஒன்று: "கழுவிப் பாத்தானா?" மாணிக்கக்கல் தோண்டுகிற இரத்தினபுரிப் பக்கம் அவருக்கு மச்சான்மார் இருந்தார்கள். மண்ணைக் கூடையில் போட்டு அலசிப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்ததை அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

போய் வந்தவர்களை நோய் ஏதும் ஒட்டியிருக்குமோ என்று பயந்து, சில வாரம் ஒரு கூண்டு மாதிரி அறையில் அடைத்தும் வைத்தார்கள். "நம்மளக் கொரோனாவுல அடைச்சு வச்சாங்களே, அதே மாதிரி," என்றார் கங்காணி. அந்த ஒரு நாள் அவர் சொன்னதில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

சீனாக்காரர்கள் நிலாவில் வண்டிக்குள் வைத்துப் பருத்தி விதையை முளைக்க வைத்தார்கள். இரவுக் குளிரில் அது செத்துப்போனது. "சீனாக்காரன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்று அன்று முழுவதும் வருத்தப்பட்டார். தோட்டத்து ஆட்களுக்கு அவர் கொடுத்த எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நிலாவில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்கு நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். "அதனால நாள் சம்பளத்துக்கு மட்டும் அங்க போயிராதீங்க. ஒரு பேர் எடுக்குறதுக்குள்ள ஒரு மாசம் போயிரும்."

இந்தியாவின் வண்டி ஒரு தடவை விழுந்து, அடுத்த தடவை ஒழுங்காக இறங்கிய அந்த மாலையில் நானா கடையில் நிற்க இடமில்லை. டீவிக்கு முன்னால் கங்காணி இரண்டு கையையும் நீட்டி, "மெதுவா, மெதுவா, எறக்கம் பாத்து" என்று பின்னுக்கு வருகிற லொறிக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கியதும் டீவியில் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். எங்கள் கடையிலும் தட்டினார்கள். கங்காணி, தன்னால்தான் என்பதுபோல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து ஜப்பானின் வண்டி இறங்கிக் குப்புற விழுந்தது. ஆட்டோ ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வண்டிமேல் இரக்கம் வந்தது. கங்காணிக்குக் கவலை வந்தது.

"இப்பிடி ஆளுக்கு ஆள் போயி இடிச்சா அது எத்தன நாளைக்குத் தாங்கும்?"

அதற்குப் பிறகுதான் ஒரு மாலை கடைக்குள் வந்து, பெஞ்சில் உட்காராமல், மெதுவான குரலில் சொன்னார்: "நானா, நிலா ரெண்டாயிருச்சு."

நானா தேநீர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "சீனி போடவா, வாணாமா?"

"நெசமாத்தான் சொல்றேன். ஒன்னு பக்கத்துல ஒன்னு. ஜப்பான்காரன் விழுந்த விழுவுல பொளந்திருச்சு."

நாங்கள் எல்லாரும் வெளியே ஓடிப் பார்த்தோம். ஒன்றுதான் இருந்தது. கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. நாளும் பார்க்கிறவருக்குத் தெரியாதா, ஒரு நாள் எட்டிப் பார்க்கிறவனுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அந்த வாரம் முழுவதும் தோட்டத்தில் சிரிப்புத்தான். எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் ஒரு காலையில் அவர் என் ஆட்டோவில் ஏற வந்தார். ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் காலைத் தூக்கி வைத்தார். நான் பிடித்திருக்காவிட்டால் பாதையோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்திருப்பார்.

அவரை இறக்கிவிட்ட பிறகு கங்காணியம்மா என்னைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "தம்பி, சிரிக்காதீங்க. மூணு மாசத்துக்கு முந்தி கோயில்ல கண்ணு பாக்க டொக்டர்மாரு வந்தாங்கல்ல, அப்பவே சொல்லிட்டாங்க. வலது கண்ணுல பொறை முத்திருச்சு, ஒப்பரேஷன் செஞ்சே ஆகணும்னு. இடது கண்ணுலயும் தொடங்கிருச்சாம். உட்டா ரெண்டும் இருட்டாயிரும்னாங்க."

"அவரு என்னா சொல்றாரு?"

"எனக்கு ஒன்னும் இல்ல, நிலாதான் ஒடைஞ்சிருச்சுங்கிறாரு. கண்ணக் கழட்டி மேசையில வச்சுத் தொடைச்சிட்டு மறுபடி மாட்டுவாங்கன்னு எவனோ சொல்லி வச்சிருக்கான். மாத்திப் போட்டுட்டா என்னா செய்யிறதுன்னு கேக்குறாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நேத்து சுடுதண்ணிய கோப்பையில ஊத்துறேன்னு என் காலடியில ஊத்திட்டாரு. நல்ல வேளை, நான் தள்ளி நின்னேன்."

நான் கங்காணியிடம் போய் நைசாகப் பேசிப் பார்த்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நிலாவைப் பாருங்க என்றேன். பொத்திப் பார்த்தார். கையை எடுத்துவிட்டும் பார்த்தார். பிறகு, "ஒத்தக் கண்ணால பாத்தா ஒன்னுதான் தெரியும். ரெண்டு கண்ணாலயும் பாத்தா ரெண்டு. கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்றார். நான் எழும்பி வரும்போது, என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார்: "கண்ணு போன கங்காணிக்கு என்னா தம்பி வேலை?"

அவருக்குத் தெரியும். தெரிந்தும் நிலாவின் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த போயா வந்தது. கங்காணி வீடு வீடாகப் போய் எல்லாரையும் பெரட்டுக்களத்துக்கு வரச் சொன்னார். நிலா ஒன்றா இரண்டா என்று கை தூக்கித் தீர்க்கப் போகிறாராம். பொழுது சாய்ந்ததும் லயமே கூடிவிட்டது. நானும் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினேன். மரங்களுக்கு மேலே நிலா தாம்பாளம் மாதிரி வந்து நின்றது.

கங்காணி, முன்பு பேர் போடும்போது நிற்கிற படி வைத்த கல்மேல் ஏறினார். "ரெண்டு நிலாவுக்கும் பேர் போட்டா, மாசத்துக்கு ரெண்டு போயா கேக்கலாம். கந்தோர்ல நானே பேசுறேன். இப்ப சொல்லுங்க. ரெண்டுன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

பிள்ளைகளே, இரண்டு லீவு என்றதும் இரண்டு நிலா எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இளவட்டங்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். "எனக்கு மூணு தெரியுதுங்க கங்காணி," என்றான் ஒருவன். சின்னப் பிள்ளைகள் குதித்தார்கள். கங்காணியின் முகம் மலர்ந்தது. கண்ணில் பிழையில்லை என்று ஊரே சொல்லிவிட்டதே.

"ஒன்னுன்னு சொல்றவங்க?" என்று சும்மா ஒரு முறைக்குக் கேட்டார்.

கங்காணியம்மா கை தூக்கினார்.

சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா, ஒரு லீவ இல்லாமப் பண்ணாதீங்க," என்று யாரோ சொன்னார்கள். கங்காணியம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கல்லுக்கு முன்னால் போய், வேலைக்காரி பெரட்டில் நிற்பதுபோல் நேராக நின்றார்.

"ஒன்னுதாங்க தெரியுது."

"உனக்குச் சரியாத் தெரியலையா இருக்கும்."

"கலியாணம் முடிச்ச மறுவாரம் நான் ஒரு நாள் லேட்டா வந்தேன். நீங்க குடிக்கத் தேத்தண்ணி வச்சிட்டு வந்ததாலதான் லேட்டு. ஞாபகம் இருக்கா? இதே எடத்துல வச்சு எனக்கு அரைப் பேர் போட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஏன்னு கேக்கல. பொண்டாட்டியா இருந்தாலும் பொய்ப் பேர் போட மாட்டாருன்னு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு." கல்மேல் நின்றவரை அண்ணாந்து பார்த்தார். "அப்பிடிப்பட்டவரு, இல்லாத நிலாவுக்கு இன்னைக்கு முழுப் பேர் போடப் போறீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்று நிலா பார்த்தவன் தன் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

கங்காணி மறுபடியும் நிலாவைப் பார்த்தார். கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தார்.

"உனக்கு நெசமாவே ஒன்னுதான் தெரியுதா?"

"ஒன்னுதாங்க."

கல்லிலிருந்து இறங்கினார். இறங்கும்போது படி இருக்கும் இடத்தைக் காலால் தடவித்தான் இறங்கினார். கூட்டத்தில் என்னைத் தேடி, என் பக்கத்தில் நின்ற வேலிக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நாளன்னைக்குக் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டியக் கொண்டு வா."

"சரிங்க," என்றேன், கம்பத்தின் சார்பில்.

முதலில் கிளினிக். கங்காணிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. டொக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "மஹத்தயா, ஹந்த தெகக் பேனவா," என்றார். ஐயா, நிலா ரெண்டாத் தெரியுது என்று அர்த்தம். இதைச் சொன்னால் டொக்டர் நாற்காலியைவிட்டு எழும்பிவிடுவார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. டொக்டரோ எழுதுவதைக்கூட நிறுத்தவில்லை. கண்ணில் பொறை விழுந்தால் அப்படித்தான் தெரியும், போன வாரம் ஓர் அம்மாவுக்கு ஐந்து நிலா தெரிந்தது என்று சிங்களத்தில் சொன்னார்.

வெளியே வந்த கங்காணியின் முகம் விழுந்துவிட்டது. "அஞ்சாம், தம்பி. நான் ரெண்டுக்கே இவ்வளவு பாடுபட்டேன்."

ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது, அடுத்த போயா கழிந்த கையோடு. அன்று காலை கங்காணியும் கங்காணியம்மாவும் என் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாதை ஓரமாக ஆறு கூடவே வந்தது. கங்காணி வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். பயந்தவர் பேசாமல் வந்தால் நமக்கும் பயமாக இருக்கும். பாதித் தூரம் வந்த பிறகு வாயைத் திறந்தார்.

"மொத தடவை நிலாவுக்கு மூணு பேரு போனாங்கல்ல தம்பி. ரெண்டு பேருதான் எறங்கினாங்க. மூணாவது ஆளு?"

"தெரியாதுங்க."

"அந்தாளு வண்டிய வச்சுக்கிட்டு மேலயே சுத்திக்கிட்டு இருந்தாரு. அவ்வளவு தூரம் போயும் எறங்கவே இல்ல. டிரைவரு." கொஞ்சம் நிறுத்தினார். "நிலாவுக்குப் பின்பக்கம் போறப்ப அவருக்கு ரேடியோ கேக்காதாம். கீழ எறங்கினவங்க இருக்காங்களா, இல்லையான்னுகூடத் தெரியாது. அந்தப் பக்கம் சுத்தி வர்ற வரைக்கும் தன்னந்தனி."

"பாவங்க."

"இன்னைக்கு அது நீதான்."

கங்காணியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. கங்காணியம்மா வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் வண்டியைப் பார்க்க என்று வெளியே போனேன். வண்டி நிறுத்திய இடத்திலேயே இருந்தது. திரும்ப வந்தேன். மறுபடி போனேன். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மூன்றாவது மனிதரைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் பெரிதாக எழுதவில்லை. நிலாவில் கால் வைப்பதைவிட, கால் வைத்தவர்களுக்காகக் காத்திருப்பது கஷ்டமான வேலை என்று அன்று எனக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸம்மா எட்டிப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "இந்தக் கங்காணி ஐயாட ஆக்கள் யாரு? ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சது. ஆனா அவர் பேச்ச நிப்பாட்டச் சொல்லுங்க. கண்ணக் கழட்டாமலே செஞ்சிட்டாங்கன்னு வாட்டுல எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கார்."

கங்காணியம்மா அப்படியே வாங்கில் சாய்ந்து, பெரிய மூச்சாக ஒன்று விட்டார். நானும் விட்டேன்.

ஓர் இரவு அங்கேயே வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் கண்கட்டை அவிழ்த்தார்கள். கங்காணி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி முதலில் பார்த்தது தன் மனைவியை.

"என்னா, இப்பிடி நரைச்சிட்டே?"

"நேத்து வரைக்கும் கருப்பாத்தாங்க இருந்துச்சு," என்றார் கங்காணியம்மா.

மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்தோம். நல்ல வெயில். போயா கழிந்த நாட்களில், காலையில் சூரியன் வந்த பிறகும் நிலா மேற்கில் வெளிறிப்போய் நிற்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்றும் நின்றது, ஆஸ்பத்திரிக் கூரைக்கு மேலே, கழுவிய சிரட்டை மாதிரி. கங்காணி அதைப் பார்த்துவிட்டார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்தோம்.

இடது கண்ணைப் பொத்தினார். பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி பொத்தினார்.

"ஒன்னுதான்," என்றார்.

கங்காணியம்மா அழத் தொடங்கினார். கங்காணி அதைக் கவனிக்காதவர்போல் நிலாவைப் பார்த்து, "விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, இன்னும் வீட்டுக்குப் போகாம என்னா செய்யிறே? ஓவர்டைம் எல்லாம் தர மாட்டேன்," என்றார்.

திரும்பும் பாதையில் கங்காணி ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்ட பலகையை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். மருந்துக் கடை, டயர்க் கடை, பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப் பெயர், வேகத்தைக் குறை என்ற சிங்கள எழுத்து, முன்னால் போன லொறியின் நம்பர். "இந்தக் கடை எப்ப வந்துச்சு?" என்று கேட்பார். "அது மூணு வருசமாச்சுங்க," என்பார் கங்காணியம்மா. "இது?" "அது நேத்து வரும்போதும் இருந்துச்சுங்க."

எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்து, கையையும் ஆட்டி ஏசிவிட்டு முந்திப் போனார். அவர் ஏசியது நியாயம்தான். நான் ஓரமாக எடுத்து, இன்னும் மெதுவாக ஓட்டினேன். யட்டியாந்தோட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் கங்காணி வாசிக்க நிறையப் பலகைகள் இருந்தன.